ஊர்ப்பிடி உலை குறித்து கானல்நாட்டு அரசருக்கு

அலை ஓயாத கானல்நாட்டின் காவலர், முத்துக்குடையோர், திரைவேள் மன்னர் திருமுன்பு, மேழிநாட்டு முதலமைச்சன் மாறன்தத்தன் வணங்கி எழுதும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் நலமே கரை சேர்க. தங்கள் குடிகளின் அடுப்பு அணையாதிருக்க.

நேற்றைய விருந்தில் தங்கள் இளவல் கடல்நம்பியார் சினந்து எழுந்ததும், எங்கள் மடைப்பள்ளித் தலைவி வெள்ளாத்தாளைக் கட்டித் தம் பாசறைக்குக் கொண்டு சென்றதும் தாங்கள் அறிந்ததே. நாளை ஞாயிறு எழும்போது அவள் தலை விழும் என்று தூதர் வந்து கூறினார். ஆற்றின் இக்கரையில் எம் படையும் அக்கரையில் தங்கள் படையும் நிற்கின்றன. எனக்கு அச்சமாக இருக்கிறது. அதை மறைத்து எழுத நேரமில்லை.

விருந்தினர் முன் வெறும் பானையை நீட்டி, வாய் திறவாமல் நின்று, அரசகுலத்தவரிடம் பிச்சை கேட்டாள் என்பது இளவலின் குற்றச்சாட்டு. அந்தப் பானையில் சமைப்பதன் பெயர் ஊர்ப்பிடி. முன்பொரு வெள்ளத்தில் எங்கள் களஞ்சியங்கள் அழிந்தபோது, வீட்டுக்கு ஒரு பிடியாக எஞ்சிய வரகு, பயறு, காய்ந்த பூசணி எல்லாம் ஒரே உலையில் விழுந்தன. இடுவதற்கு ஏதுமற்ற அரசர், முடிசூட்டு நாளில் தம்மேல் தூவிய மஞ்சளரிசியைப் பேழையிலிருந்து எடுத்து இட்டார். ஊரின் பிடியெல்லாம் சேர்ந்ததால் அப்பெயர் வந்தது. அன்றுமுதல் பிடி இட்டவரே பந்தியில் அமர்வர். பிடி இட்டவர்மேல் எம்மவர் வாள் எடுப்பதில்லை. வாய்விட்டுக் கேட்டால் அது இரத்தலாகும் என்பதால், பானை ஏந்துபவள் தலை கவிழ்ந்து பேசாமல் நிற்பாள். அயலார் எவர் முன்பும் அந்தப் பானை இதுவரை நீண்டதில்லை. இளவலை எம்மவர் என்று எண்ணியே நீட்டினோம். இது உலகறிந்த வழக்கம் என்று நினைத்து, முன்னரே சொல்லாமல் விட்டோம்.

தங்கள் நாட்டிலும் விற்காத மீன்களையெல்லாம் ஒரே சட்டியில் இட்டுக் காய்ச்சும் குழம்புக்கு வலைமிச்சம் என்று பெயர். அரசகுலத் திருமணத்தில் அதை முதலில் பரிமாறுகிறீர்கள். மிச்சம் என்ற பெயர் கேட்டு எங்கள் அரசர் ஒருநாளும் இலையை மடிக்கவில்லை. இருமுறை கேட்டு வாங்கி உண்டார்.

கைகளைக் கட்டியபோதும் வெள்ளாத்தாள் தன் உயிருக்காகக் கெஞ்சவில்லையாம்; அடுப்பிலுள்ள சோற்றுலையை இறக்கி வையுங்கள், அடிபிடித்துவிடும் என்றே சொல்லிக்கொண்டு போனாளாம். அதைக் கேட்டது முதல் எங்கள் அரசர் உணவைத் தொடவில்லை.

ஆற்று நடுமணலில் அதே பானையை மீண்டும் ஏற்றியிருக்கிறோம். எங்கள் அரசர் வாளின்றி அதனருகே அமர்ந்திருக்கிறார். தம் பிடியை இட்டுவிட்டார். அம்மணலிலிருந்து அவர் சொல் வரும்வரை ஒரு நாணும் ஏறலாகாது என எம் படைத்தலைவனுக்கு ஆணை சென்றுவிட்டது. தங்கள் இளவல் ஒரு பிடியோடு வருக, உப்பாயினும் போதும்.

மேழி முத்திரை இட்டு, என் கையால் எழுதி முடித்தேன். ஓலையோடு வெள்ளாத்தாளின் அகப்பையையும் அனுப்புகிறேன். அதை அவள் கையில் கொடுத்து அனுப்புக. உலை கொதிக்கிறது, இங்கே வேறு எவரும் அதைக் கிண்டத் துணியவில்லை.