ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த விரிசல்

ரோஸ்விதாவுக்கு,

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை. இங்கே நானும் அப்பாவும் நலம், உன் தங்கை ஆஃப்ரா உயிரோடு இருக்கிறாள். கனடாவில் நீ நலமாகத்தான் இருப்பாய், அதை நான் விசாரிக்கப் போவதில்லை.

ஆஃப்ராவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்து எட்டு நாள் ஆகிறது. திரையை இழுத்து மூடிய அறையில்தான் படுத்திருக்கிறாள், வெளிச்சம் பட்டால் வாந்தி எடுக்கிறாள், புத்தகம், போன் எதுவும் கூடாது. ரொட்டி உருண்டை போட்ட சூப் மட்டும் இரண்டு கரண்டி இறங்குகிறது. வலது காது கேட்கவில்லை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். பதினாறு வயதுப் பெண், இடது காதைத் திருப்பித் திருப்பி நான் பேசுவதைக் கேட்கிறாள். பனிச்சறுக்குப் பந்தயத்தில் மூன்றாவது கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது விழுந்தாள், நானும் பார்த்தேன், பெரிய வேகமே இல்லை. நம் சரிவில் அப்படி விழுந்து எழுந்து மறுநாள் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும்.

விபத்தன்று நீ போன் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா. ஆஃப்ராவுக்கு நினைவு வந்ததா என்று ஒரு வார்த்தை, அடுத்த வார்த்தையே, ஹெல்மெட்ட என்னம்மா பண்ணீங்க, தூக்கிப் போட்டுடுங்க என்றாய். அப்போதே எனக்கு உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் உடைந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் விளக்கடியில் வைத்து ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்தேன். ஓடிய பந்தயத்துக்கு ஒன்று என்று நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் மற்றதெல்லாம் வெளுத்துக் கிடக்க, காதுக்கு மேலே இருந்தது மட்டும் புத்தம் புதிது. அதன் அடியில் விரிசல். உள்ளே தெர்மோகோலில் மஞ்சளாகப் பசை. அந்தக் கோட்டிலேயேதான் அது இரண்டாகத் திறந்துகொண்டிருக்கிறது. உன் அறைத்தோழி இல்சேயைக் கூப்பிட்டேன். நவம்பர்ல அவ கம்பத்துல மோதினப்பவே கோச் அத குப்பைல போடச் சொல்லிட்டாரே, நீங்க எதுக்குக் கேக்கறீங்க என்றாள் அந்த அப்பாவி.

கோச் குப்பையில் போடச் சொன்னதைத்தான் நீ பசை வைத்து ஒட்டி, பளபளக்கும் காகிதத்தில் சுற்றி, கிறிஸ்துமஸுக்குத் தங்கைக்கு அனுப்பியிருக்கிறாய். ஜெயித்த ஹெல்மெட்டை இளையவளுக்குக் கொடுப்பது நம் ஊரில் பெரிய மரியாதை, அந்தப் பெருமை உனக்கு வேண்டியிருந்தது. அனுப்பாமல் இருந்திருந்தால் என் கடையில் நாற்பது ஹெல்மெட் தொங்குகிறது, நல்லதாக ஒன்று போட்டுக்கொண்டு போயிருப்பாள். உனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே, செருப்புக் கூடத் தேய்ந்தால் நீ போட மாட்டாய். ஒரு தடவை அடி வாங்கிய ஹெல்மெட் செத்தது என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தவள் நான். வாடகைக்குப் போய்த் திரும்பி வரும் ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்கிறேன், சந்தேகம் வந்தால் யாரும் பொறுக்கிக்கொண்டு போகக் கூடாதென்று கோடாலியால் பிளந்துதான் போடுகிறேன். ஊரான் பிள்ளைக்கு அவ்வளவு பார்க்கிற நான் இதைப் பார்க்கவில்லை, மகள் கொடுத்ததுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு அவள் தலையில் மாட்டித் தாடைப் பட்டையையும் நானே இறுக்கிவிட்டேன். அது என் குற்றம், அதை உன் தலையில் கட்டமாட்டேன். மற்றதெல்லாம் உன்னுடையது.

அப்பா உனக்காகப் பரிந்து பேசுகிறார். விடு வால்புர்கா, நாமெல்லாம் கம்பளித் தொப்பியோடதான சறுக்கினோம், என்ன கெட்டுப் போச்சு என்கிறார். உங்க புத்திதான் அவளுக்கும் என்று சொன்னேன். இரண்டு நாளாகத் தனியாகக் காபி போட்டுக் குடிக்கிறார். நீ அனுப்பிய பூங்கொத்தைக் கூடத்திலேயே வைத்துவிட்டேன், இனிமேல் பூ அனுப்பாதே. இன்னொரு பெட்டியில் முதுகுக் காப்பும் மணிக்கட்டுக் காப்பும் அனுப்பியிருக்கிறாய், பிரிக்கவே இல்லை. உன் பழைய சாமான் எதுவும் இந்த வீட்டுக்குள் வர வேண்டாம்.

ஆஃப்ராவுக்கு இது எதுவும் தெரியாது. நான் சொல்லவில்லை, அவளிடம் சொல்ல வேண்டியவள் நீ. இந்த மாதக் கடைசியில் திரையைத் திறக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவள் முதலில் படிப்பது உன் எழுத்தாக இருக்கட்டும். பசை, கோச், நவம்பர், ஒன்று விடாமல் எழுது. உன் கடிதம் வரவில்லையென்றால் நானே சொல்லிவிடுவேன், அதற்குப் பிறகு உன்னை அக்கா என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவள் இஷ்டம்.

கடவுள் உன் தலையைக் காக்கட்டும். இவ்வளவு கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன், பெற்றுத் தொலைத்தேனே. நீ இப்போது போடுவதைக் கழற்றி உள்பக்கமும் பார், பட்டையை இறுக்காமல் மேலே போகாதே.

யாருக்கும்மா எழுதறீங்க என்று இப்போது அறையிலிருந்து கேட்டாள். அக்காவுக்கு என்றேன். அவளால் இன்னும் பேனா பிடிக்க முடியவில்லை, அதனால் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள். அக்கா குடுத்த ஹெல்மெட் உடைஞ்சதாலதான் என் மண்டை உடையல, அவளுக்கு என் முத்தம்னு எழுதுங்கம்மா என்கிறாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா வால்புர்கா