மூன்று பேருக்கு மட்டும் தெரிந்தது

மார்ச் 3, செவ்வாய்

மகள் முதல் சுற்றிலேயே வெளியே. 4-6, 4-6. எதிரே ஆடியவள் பதினெட்டு வயதுப் பெண். பல்லில் இன்னும் கம்பி போட்டிருக்கிறாள்.

தோல்வி புதிதல்ல, ஆறு மாதமாக அதுதான் அதிகம். பதினோரு வருடமாக இவள் தொழில்முறையில் டென்னிஸ் ஆடுகிறாள். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஐந்து வருடமாக நானும் கூடவே ஊர் ஊராகப் போகிறேன். ஆனால் இன்று ஒன்று உறுத்தியது. மகள் சர்வ் போடப் பந்தைத் தூக்குவதற்கு முன்பே, அது எந்த மூலைக்கு வரப்போகிறதோ அந்த மூலைக்கு அந்தப் பெண் நகர்ந்து நின்றுவிடுகிறாள். எல்லாப் பந்துக்கும் இல்லை. நெருக்கடியான பாயிண்டுகளுக்கு மட்டும்.

முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சர் நான். பரீட்சை ஹாலில் கணக்கைப் போடாமலே விடையை எழுதுகிற பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். யோசிக்காத முகம். அந்த முகத்தைத்தான் இன்று வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.

“என் சர்வ் செத்துப்போச்சும்மா,” என்றாள் அறைக்கு வந்ததும். காலை நீட்டி ஐஸ் பையை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள். இருபத்தெட்டு வயது.

மார்ச் 4, புதன்

நோட்டை எடுத்து எண்ணினேன். ஒவ்வொரு ஆட்டத்தையும் பாயிண்ட் பாயிண்டாகக் கட்டம்போட்ட நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். கடைசி மூன்று ஆட்டங்களில் நெருக்கடியான பாயிண்டுகள் இருபத்தாறு. எதிராளி சரியான பக்கம் முன்கூட்டியே நகர்ந்தது இருபத்தொன்று. காசைச் சுண்டிப் போட்டால் பதின்மூன்று வர வேண்டும். பதினைந்து வந்தால் அதிர்ஷ்டம் என்பேன். இருபத்தொன்றுக்கு வேறு பெயர் உண்டு.

நெருக்கடியில் சர்வ் எந்த மூலைக்கு என்பது அன்றன்று காலைச் சாப்பாட்டு மேஜையில் முடிவாகும். முதல் செட்டில் வெளிமூலை, இரண்டாவதில் நடுமூலை என்பது போல. தெரிந்தவர்கள் மூன்று பேர். மகள், அவளுடைய கோச், நான். மகள் தனக்கே குழி தோண்டிக்கொள்ள மாட்டாள். நான் இந்த நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவள், யாரிடமும் வாய் திறக்காதவள். மூன்றில் இரண்டு போனால்? ஒன்றாம் வகுப்புக் கணக்கு.

நாலு வருடமாகக் கூட இருக்கிறார் அந்த மனிதர். நாளுக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் கல்லுளிமங்கன்.

மார்ச் 9, திங்கள்

புது ஊர், அதே மாதிரி அறை. மகளின் ரேங்க் 219. மே மாதத்துப் பெரிய போட்டியின் தகுதிச் சுற்றுக்கு முதல் இருநூற்று முப்பது பேரைத்தான் எடுப்பார்கள். பட்டியல் ஏப்ரல் 13 அன்று மூடுகிறது. “அதுல பேர் வரலேன்னா மட்டையைக் கட்டி வெச்சுடுவேன்,” என்று சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

மதியம் துணி துவைக்கும் இடத்துக்குப் போகும்போது பார்த்தேன். காபி மெஷின் பக்கத்தில் கல்லுளிமங்கன். எதிரே தொப்பிக்காரி. அவள்தான் அந்தக் கம்பிப்பல் பெண்ணுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கோச். எப்போதும் நீலத் தொப்பி. இவர் சிரித்துக்கொண்டிருந்தார்! நாலு வருடத்தில் இவர் பல்லை நான் பார்த்தது இரண்டு தடவை.

என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. “டீச்சர், காபி?” என்றார்.

வேண்டாம் என்றேன்.

மார்ச் 11, புதன்

தோல்வி. மூன்றாவது செட், 5-7.

கேலரியிலிருந்து கோச் சைகை காட்டலாம் என்று இப்போது விதியே இருக்கிறது. தொப்பிக்காரி எங்களுக்கு நேர் எதிர் கேலரியில் உட்கார்ந்து தன் பெண்ணுக்குக் காட்டினாள். தொப்பியைத் தொட்டால் வெளிமூலை, கண்ணாடியைத் தொட்டால் நடுமூலை. ஒன்பது தடவையில் எட்டு சரி. அவள் காட்டுவது தெரிகிறது. அவளுக்கு யார் காட்டுகிறார்கள்?

அதற்கு ஒரு வழி செய்திருந்தேன். முன்படியில் தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து, கேமராவை எங்கள் பக்கம் திருப்பி ஓடவிட்டேன்.

“என்ன டீச்சர், போன் நம்மளப் பாக்குது?” என்றார் கல்லுளிமங்கன்.

“வெயில் படாம வெச்சிருக்கேன் தம்பி,” என்றேன். வாழ்நாளில் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதவள். வெட்கமாகத்தான் இருந்தது.

அறைக்கு வந்து நாலு தடவை பார்த்தேன். அந்த மனிதரின் கை முழங்காலை விட்டு நகரவில்லை. கண் சிமிட்டுவதைக்கூட எண்ணினேன். ஒன்றுமில்லை. அவ்வளவு சுத்தமாக ஒருத்தர் உட்கார முடியுமா? ஒன்றும் தெரியாத பிள்ளை உடம்பை நெளிக்கும். காப்பியடிக்கிற பிள்ளைதான் சிலை மாதிரி இருக்கும்.

மார்ச் 12, வியாழன்

ரொம்பக் கெட்டிக்காரர். அது மட்டும் உறுதி.

மார்ச் 17, செவ்வாய்

இன்று மகளிடம் சொல்லிவிட்டேன். மறுபடி முதல் சுற்றுத் தோல்வி, ரேங்க் 234. இனி மூடிவைத்து என்ன பயன்?

நோட்டைக் காட்டினேன். எண்களைக் காட்டினேன். காபி மெஷினைச் சொன்னேன். அவள் தலைமுடியைப் பின்னியபடியே கேட்டாள்.

“அவர் அப்படிச் செய்வாராம்மா?”

“எண்ணு பொய் சொல்லாது.”

“எண்ணு சொல்லாதும்மா. நீ தப்பாப் படிச்சிருந்தா?”

“அப்போ உன் சர்வ் செத்துப்போச்சுன்னே வெச்சுக்கோ!”

சொல்லியிருக்கக் கூடாது. பின்னலை அப்படியே விட்டுவிட்டாள். நான் எதை வைத்து அவளைத் தள்ளினேன் என்று எனக்குத் தெரியும். தான் முடிந்துபோனவள் என்று நம்புவதைவிட, ஒருத்தர் துரோகி என்று நம்புவது அவளுக்கு லேசு.

மார்ச் 19, வியாழன்

கோச் போய்விட்டார்.

மகள் காரணம் சொல்லவில்லை, “கொஞ்ச நாள் தனியா ஆடிப் பாக்குறேன்,” என்றாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். சண்டை போடுவார் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். “சரி,” என்றார். கட்டுத்துணிகள் வைத்திருந்த சின்னப் பையை என் கையில் கொடுத்தார்.

“டீச்சர், இடது கணுக்காலுக்கு உள்பக்கத்துலேர்ந்து சுத்தணும். வெளியிலேர்ந்து சுத்தினா அவளுக்கு மரத்துப்போகும்.”

நல்லவர் வேஷம். கடைசி நிமிஷத்திலும்.

மார்ச் 20, வெள்ளி

வீட்டுக்காரர் போனில் எல்லாவற்றையும் கேட்டார். வீட்டில் குழாய் ஒழுகுகிறதாம், அதை முதலில் சொன்னார். பிறகு, “ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம் ஆச்சு, உனக்கு இன்னும் ஹால் டியூட்டி முடியல. என் சட்டைப் பையில பிட்டு இருக்கான்னு பாத்த ஆளுதானே நீ,” என்றார்.

“நீங்க சும்மா இருங்க. அன்னிக்கு இருந்துச்சு.”

“அது மளிகை லிஸ்டு.”

சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு ஒருமாதிரி இருந்தது.

மார்ச் 25, புதன்

புதுப் போட்டி. காலையில் திட்டம் போட்டது மகளும் நானும் மட்டும். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினோம். எதிராளிக்குத் தொப்பிக்காரியும் இல்லை, மீசை வைத்த வேறொரு கோச்.

2-6, 4-6.

மீசைக்காரர் சைகை காட்டினார். பதினொன்றில் பத்து சரி.

எங்கள் கோச் இல்லாமல் எப்படி? அறைக்குள் மைக் வைத்திருப்பார்களோ? மேஜைக்கு அடியில் தடவிக்கூடப் பார்த்தேன். என்ன செய்கிறேன் நான்?

மார்ச் 26, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

விடை தப்பாக வந்தால் கடைசி வரியைத் திருத்தாதே, முதல் வரியிலிருந்து போடு. பிள்ளைகளுக்கு எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! காலையில் மார்ச் 11 படத்தை மறுபடி போட்டேன். அதில் வலது பாதியில் அவர், இடது பாதியில் நான். நாலு தடவையும் நான் வலது பாதியை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

இன்று இடது பாதியைப் பார்த்தேன்.

மகள் சர்வுக்கு முன் பந்தைத் தரையில் தட்டுகிற சத்தம் படத்தில் நன்றாகக் கேட்கிறது. நாலு தட்டு. முதல் தட்டிலேயே என் தலை திரும்புகிறது. பந்து விழப்போகும் மூலைக்கு. தலை மட்டுமா, தோளும் சாய்கிறது, மோவாய் நீள்கிறது. அங்கே போடும்மா, அங்கே போடும்மா என்று கெஞ்சுகிற மாதிரி. ஒன்பது நெருக்கடிப் பாயிண்டில் எட்டு. தப்பிய ஒன்றில் நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

மேடையில் பிள்ளை ஒப்பிக்கும்போது கீழே நிற்கிற டீச்சரின் உதடு அசையுமே. எனக்கும் அசையும். சக டீச்சர்கள் கேலி செய்வார்கள். எனக்குத் தெரிந்ததே இல்லை.

ஐயோ. நாந்தான். நானேதான்டி.

மார்ச் 27, வெள்ளி

தொப்பிக்காரியைத் தேடிப் போய்க் கேட்டேன். பந்துக்கூடையைத் தள்ளிக்கொண்டு போனவள் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நெஜமா உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதும்மா.”

“கரும்பலகையில எழுதிப் போடுற மாதிரி போடுறீங்க. நாங்க படிச்சோம். ஏழெட்டு கோச்சுக்குத் தெரியும். நீங்க வராத வாரம் எங்களுக்குத்தான் கஷ்டம்.”

“எங்க கோச்சு உங்ககிட்ட ஏதாவது…”

“அவரா! அன்னிக்குக் காபி குடிச்சப்போ முழுக்க உங்க பொண்ணோட பேக்ஹேண்ட் பெருமைதான். போரடிச்சுட்டாரு.” கூடையைத் தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பி, “கோச்சுக்காதீங்கம்மா, எங்க பொழப்பு இது,” என்றாள்.

கோபம் இல்லை. வினாத்தாளை ஜன்னலில் ஒட்டி வைத்தவள் நான். படித்த பிள்ளையை எப்படி அடிப்பது?

மார்ச் 28, சனி

மகளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். போனைக் கையில் கொடுத்து, “இடது பக்கம் பாரு,” என்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள். மூன்றாவது தடவை பார்க்கும்போது சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். பிறகு நிஜமாகவே அழுதாள்.

“அப்போ என் சர்வ் சாகலியாம்மா?”

“இல்லம்மா.”

“ஆறு மாசம்மா… ஆறு மாசம் நான் முடிஞ்சுட்டேன்னு நெனச்சேன்.”

என்னால் தலை நிமிர முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அவருக்கு நீ போன் பண்ணு. நான் பண்ண மாட்டேன். வாய் என்னோடது, வார்த்தை உன்னோடது.”

மார்ச் 30, திங்கள்

பேசினேன். முழுவதும் சொன்னேன், போனைச் சாய்த்து வைத்ததிலிருந்து. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை “தம்பி?” என்றேன்.

“இருக்கேன் டீச்சர்.”

“பக்கத்துலேயே உக்காந்திருந்தீங்களே, நீங்களாவது பாக்கலியா?”

“நான் கோர்ட்டைப் பாப்பேன். உங்கள எதுக்குப் பாக்கணும்?”

திரும்பி வரச் சொன்னேன். போன வாரமே இன்னொரு பெண்ணிடம் சேர்ந்துவிட்டாராம், இடதுகைக்காரி. சீசன் முடியும்வரை. வார்த்தை கொடுத்தாயிற்று என்றார். வைக்கும்போது, “நாலு வருஷம் டீச்சர். ஒரு வார்த்தை நேரா கேட்டிருக்கலாம்,” என்றார். குரலை உயர்த்தவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

நான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்று பெட்டியைக் கட்டினேன். மகள் அவிழ்த்துவிட்டாள்.

“நீ வந்து அதே எடத்துல உக்காரு. திட்டத்தைக் காலையில வழக்கம்போல உங்கிட்ட சொல்வேன். ஆனா பொய்யா இருக்கலாம். மெய்யா இருக்கலாம். எதுன்னு சொல்லமாட்டேன்.”

“வேணும்னே தப்பாத் திரும்புறேனே, சொல்லிடு.”

“உனக்கு நடிக்க வராதும்மா. நீ நம்பித்தான் திரும்பணும்.”

பெற்ற மகள் எதிரில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே பொய் சொல்கிறாள். நான் நம்புகிறேன். இது என்ன தண்டனை? உட்கார்ந்தேன். தலை தன் பாட்டுக்குத் திரும்பியது. எதிராளியும் திரும்பினாள். பந்து வேறு பக்கம் போனது.

6-3, 6-2.

ஏப்ரல் 9, வியாழன்

இரண்டாவது சுற்றும் ஜெயித்தாள், தொப்பிக்காரியின் பெண்ணுக்கு எதிராக. பாதி ஆட்டத்தில் தொப்பிக்காரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, ஒரு சல்யூட் அடித்தாள். எனக்கா, மகளுக்கா தெரியவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

கால் இறுதியும். நாளைக்கு அரை இறுதி. ஜெயித்தால் முதல் இருநூற்று முப்பதுக்குள். எதிரே இடதுகைக்காரி. அவளுடைய கேலரியில் நம் கோச்.

ஏப்ரல் 11, சனி

காலையில் மகள் திட்டத்தைச் சொன்னாள். முதல் செட் நடுமூலை, பிறகு வெளிமூலை. வழக்கம்போல நான் முகத்தையே பார்த்தேன்.

“இன்னைக்கு மெய்தான்,” என்றாள்.

“ஏன்டி? அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. நானே போன்ல வாயால சொல்லியிருக்கேன்.”

“தெரியும்.”

“இன்னைக்கு அவர் பாத்தா கேக்க யாரும் இல்ல. அவர் பொண்ணு ஜெயிக்கணும்.”

“அவர் பாக்கமாட்டாரும்மா.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். மட்டைகளை எண்ணிப் பையில் வைத்தாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவமானப்பட்டுப் போன மனிதர். கையில் விடைத்தாள் கிடைத்திருக்கிறது. யார் சும்மா இருப்பார்கள்? இன்று நோட்டை எடுத்துப் போனேனே தவிர ஒரு பாயிண்டும் குறிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் தோற்றாள். 6-4, 5-7, 5-7. கடைசிப் பந்து வலையில் பட்டு இவள் பக்கமே விழுந்தது. பட்டியலுக்கு ஒரு வெற்றி குறைவு. வலையருகே கை குலுக்கிவிட்டு, நேராக அவரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். திரும்பி வந்து, வேர்வை சொட்டச் சொட்ட, “அடுத்த வாரப் போட்டிக்குப் பேர் குடுத்துட்டேன்மா,” என்றாள்.

இரண்டு மணி ஐம்பது நிமிட ஆட்டம். நெருக்கடியான பாயிண்டுகள் முப்பதுக்குக் குறையாது. அவர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.