கத்தத்துக்கு வைத்த சொக்லட் ஃபட்ஜ்

மாம்புரி
12.10.2024

ஜுமானா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கக்கூடாது என்று வாப்பா பழக்கிவிட்டுப் போனதால் சொல்கிறேன். சுகம் விசாரிக்க மனம் வரவில்லை.

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். உம்மாவின் போனிலிருந்து எடுத்தாலும் என் குரலைக் கேட்டதும் வெட்டுகிறீர்கள். கடதாசியை வெட்ட முடியாதல்லவா? அதனால்தான் கற்பிட்டித் தபால் கந்தோர் வரைக்கும் பஸ் ஏறிப்போய் இதை அனுப்புகிறேன். நான் கேட்டது ஒரே கேள்வி. மறுபடியும் கேட்கிறேன். அந்தச் சர்பத் போத்தலில் என்ன இருந்தது?

பதில் எனக்குத் தெரியும், இப்போது ஊருக்கே தெரியும். உங்கள் வாயால் வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஆகஸ்டில் லீவுக்கு வந்தபோது என் குசினியில் நின்று சொக்லட் ஃபட்ஜ் செய்தீர்களே, நினைவிருக்கிறதா? சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மேலே பாத்திரத்தை வைத்து, சொக்லட்டையும் டின்பாலையும் பட்டரையும் உருக்கினீர்கள். "பாத்துக்கோ ஃபஸ்னா, தொதல் மாதிரி கை ஒடியக் கிண்டத் தேவையில்ல, பத்து நிமிஷத்து வேலை" என்றீர்கள். இறக்கி வைத்த பிறகு சர்பத் போத்தலிலிருந்து மண்ணிறமாய் எதையோ ஊற்றினீர்கள். என்ன ராத்தா என்று கேட்டேன். "கோப்பிப் பாகு, அங்க உள்ள ஆக்கள் இனிப்புக்குப் போடுறது" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னீர்கள்.

போத்தலில் மிஞ்சியது என் பிரிட்ஜிலேயே இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, வாப்பா மௌத்தான நாளுக்கு ஓதுகிற வருடக் கத்தம். ஓதி முடிந்ததும் கொடுக்கும் நார்சாவுக்கு இந்த முறை ஃபட்ஜ் வைப்போம், வாப்பாவுக்கு சொக்லட் என்றால் உயிர் என்று உம்மாதான் சொன்னா. அந்தப் போத்தலைத் தேடி எடுத்துத் தந்ததும் அவதான். வாப்பாவின் பேரில் குர்ஆன் ஓதி முடித்த வாயில் அதை வைத்தோம், ராத்தா! மௌலவி இரண்டு துண்டைத் தன் மனைவிக்கென்று லேஞ்சியில் சுற்றிக்கொண்டு போனார். உம்மா சீனி வருத்தத்தையும் பாராமல் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கித் தின்றா.

பாறூக் மாமாவின் மகன் ஹிஸ்புல்லா கொழும்பில் ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறான் அல்லவா, அவன் ஒரு துண்டை வாயில் போட்டவன் அப்படியே நின்றுவிட்டான். குசினிக்கு வந்து போத்தலைத் திறந்து மணந்து பார்த்தான். "ஃபஸ்னா மச்சி, இது விஸ்கி கலந்த கிரீம். இத எங்கால எடுத்தீங்க?" என்றான். மெல்லத்தான் சொன்னான். ஆனால் வாசலில் நஃபீஸா நின்றாள். அவள் காதில் விழுந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரித்தான்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். நீங்கள் என்று எழுதுவது பழக்கத்தில். மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஃபஸ்னா


கார்க், அயர்லாந்து
2.11.2024

ஃபஸ்னா,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

என்ன கடிதம் இது? பொலிஸ் கந்தோரில் எழுதுகிற மாதிரி! மூத்தவளுக்கு எழுதுகிறோம் என்ற நினைப்புக் கொஞ்சமாவது இருந்ததா?

கேட்டாயே, சொல்கிறேன். ஐரிஷ் கிரீம். கோப்பியும் பாலாடையும் கொஞ்சம் விஸ்கியும் சேர்ந்தது. நான் வேலை செய்கிற வயதானவர்கள் இல்லத்துக் குசினியில் கேக்குக்கும் இனிப்புக்கும் அதைத்தான் ஊற்றுவார்கள். ஃபட்ஜ் செய்யப் பழக்கியதும் அங்கே உள்ள பெரிய சமையல்காரிதான். அது இல்லாமல் செய்து பார்த்தேன், வெறும் டின்பால் கட்டியாக இருந்தது. நான் இத்தனை வருடத்தில் ஒரு சொட்டுக் குடித்தவள் இல்லை. உன் மச்சான் ஸப்ரான் இறைச்சிப் பெக்டரியில் பிஸ்மி சொல்லி அறுக்கிற மனிதர். எங்களுக்கு நீ ஹலால் ஹறாம் படிப்பிக்க வேண்டாம்.

அடுப்பில் ஏறினால் அந்தச் சாமான் ஆவியாகிப் போய்விடும். இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பிறகு இருக்கிறது வாசம் மட்டும்தான்.

சரி, உன்னை யார் அந்தப் போத்தலைத் தொடச் சொன்னது? அவசரத்தில் கொட்ட மறந்து போனேன். ஒருத்தி விட்டுவிட்டுப் போன சாமானை, என்ன ஏது என்று அவளிடம் கேட்காமல் கத்தத்துக்கு ஊற்றுவதா?

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். எங்கள் வீட்டில் எப்போதும் ஃபஸ்னாவின் கை, ஃபஸ்னாவின் ருசி. நான் வட்டிலப்பம் அவித்தால் உம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "தங்கச்சிட்டக் கேட்டுச் செஞ்சிரிக்கலாமே" என்பா. ஃபட்ஜ் செய்த அன்றைக்குத்தான் முதல் முதலாக என் தட்டு காலியானது. உம்மா என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தா. அது உனக்குப் பொறுக்கவில்லை.

என் பேரை எங்கேயும் எடுக்காதே. அப்ராவுக்குப் பாலாவி லத்தீப் ஹாஜியாரின் மகன் இன்ஷாபைப் பேசி முடித்திருக்கிறோம் என்பது உனக்குத் தெரியும். நோன்புப் பெருநாள் கழிந்து கல்யாணம். அந்த வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்றும் தெரியும். இந்தக் கதை அவர்கள் காதுக்குப் போனால் என் பிள்ளையின் வாழ்க்கை போய்விடும்.

ஜுமானா


மாம்புரி
20.11.2024

ராத்தாவுக்கு,

ஸலாம்.

ஆவியாகிப் போய்விடுமாம்! தொதல் என்றாலாவது மணிக்கணக்காகக் கொதிக்கும். உங்கள் ஃபட்ஜ் எங்கே கொதித்தது? அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணியட்டும் என்று விசிறிக்குக் கீழே வைத்தீர்கள். நான் ஊற்றப் போனபோது கையைத் தட்டிவிட்டு, "சூட்டோட ஊத்தாதே, வாசம் போயிடும்" என்றீர்கள். நானும் கத்தத்தன்று அப்படியே விரலால் சூடு பார்த்துப் பார்த்துத்தான் ஊற்றினேன். வாசம் போகக்கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தவருக்கு, மற்றது மட்டும் போயிருக்கும் என்று எப்படி நம்பிக்கை வந்தது?

தெரியாமல் செய்தேன் என்றாவது எழுதியிருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பேன். ஆனால் சர்பத் போத்தலுக்கு மாற்றியது யார்? என் அலுமாரியிலிருந்து காலிப் போத்தலை எடுத்துக் கழுவி, உள்ளதை ஊற்றி, உண்மையான போத்தலை எங்கேயோ கொண்டுபோய் எறிந்திருக்கிறீர்கள். அது பிழை என்று தெரிந்த கைதான் அதைச் செய்தது.

பொறாமை என்கிறீர்கள். பொறாமைப்பட எனக்கு நேரம் எங்கே? மாம்புரியிலிருந்து பாலாவி வரைக்கும் கல்யாணம் என்றால் என்னுடைய இனிப்புப் பெட்டிதான். இப்போது நஃபீஸா, தன் மகளின் கல்யாணத்துக்குச் சொல்லியிருந்ததை வேண்டாம் என்றுவிட்டாள். றிஸ்மினா, நான் அனுப்பிய பட்டர் கேக்கைத் தட்டோடு திருப்பி அனுப்பினாள். கற்பிட்டியில் பட்டம் விட்டுக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரரின் ஹோட்டலுக்கு நான் கேக் கொடுக்கிறேன் அல்லவா, "அவங்களுக்குச் செஞ்சதத்தான் கத்தத்துக்கும் வெச்சிட்டாள்" என்று கதை. தெரிந்தே செய்தேனாம். வாப்பாவின் கத்தத்தில்!

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வியாழக்கிழமை தோறும் றிஸானா டீச்சர் வீட்டில் பெண்கள் மஜ்லிஸ் கூடுகிறது. ஒரு தடவை போன் எடுங்கள். ஸ்பீக்கரில் போடுகிறேன். "ஊத்தினது நான், பொய் சொன்னது நான், ஃபஸ்னாக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். என் கையால் தின்ன ஆட்கள் பயப்படாமல் இருந்தால் போதும்.

ஃபஸ்னா


கார்க்
9.12.2024

ஃபஸ்னா,

ஸலாம். வேலைக்குப் போகிற அவசரத்தில் எழுதுகிறேன்.

உனக்குப் பைத்தியமா? அந்த மஜ்லிஸுக்கு மாப்பிள்ளையின் உம்மா ஜுனைதாவின் தங்கச்சி வருகிறவள். நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் பாலாவிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

நீ கேக் கொடுக்கிற அந்த ஹோட்டல்காரி தந்த போத்தல், என்னவென்று தெரியாமல் ஊற்றிவிட்டேன் என்று சொல். அந்த வெள்ளைக்காரியை யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? நீ அறியாமல் செய்தவள், உன்னை அல்லாஹ்வும் மன்னிப்பான், ஊரும் மன்னிக்கும். என்னை ஒருத்தரும் மன்னிக்கமாட்டார்கள். அது கூடவா உனக்கு விளங்கவில்லை?

கல்யாணம் முடியட்டும். பிறகு பார்க்கலாம். இனி எழுதாதே.

ஜுமானா


மாம்புரி
4.1.2025

ராத்தாவுக்கு,

ஸலாம்.

எழுதாதே என்றீர்கள். இது மட்டும் எழுதுகிறேன், பிறகு நிறுத்திவிடுவேன்.

ஹோட்டல்காரி மேல் பழி போடும் வேலை என்னால் முடியாது. உங்கள் பேரைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் மஜ்லிஸுக்குப் போனேன். உம்மாவும் வந்தா. முழங்கால் நோவோடு நடந்தே வந்தா. றிஸானா டீச்சர் என்னைக் கேட்க, நான் எழும்ப, உம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு எழும்பினா. "அந்தப் போத்தல இவட கையில எடுத்துக் குடுத்தது நான். இவக்கு ஒண்டும் தெரியா. கேக்கிறதெண்டா என்னக் கேளுங்க" என்றா. போத்தல் எங்கேயிருந்து வந்தது என்று நஃபீஸா கேட்டாள். உம்மா வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கேட்டும் திறக்கவில்லை.

உம்மா சொன்னது பொய் இல்லை. எடுத்துத் தந்தது அவதான். ஆனால் வந்தவர்கள், போத்தலே உம்மாவுடையது என்று தங்களுக்கு வேண்டியபடி விளங்கிக்கொண்டார்கள்.

என் பேர் சுத்தமாகிவிட்டது. சந்தோஷப்படுங்கள்! நஃபீஸா திரும்ப வந்து இனிப்புப் பெட்டி சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் பின்னேரத்தில் உம்மாவிடம் ஓத வருகிற பிள்ளைகள் இப்போது வருவதில்லை. எங்களுக்கு அலிஃப் சொல்லித் தந்த அதே வாயால் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லித் தந்தா. "றஹ்மத் உம்மாட வீட்டுக்கு அனுப்பாதீங்க" என்று அந்தப் பிள்ளைகளின் உம்மாமார் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டார்கள். பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, பின்னேரத்தில் கதிரையைப் போட்டு றோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா.

கேளுங்கள், இன்னும் இருக்கிறது. போன கிழமை உங்கள் சம்பந்தி ஜுனைதா இங்கே வந்தா. அப்ராவின் கல்யாணத்துக்கு என்னிடம் ஃபட்ஜ் செய்து தரச் சொன்னா. சாயத் தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு மெதுவாக, "கல்யாணத்தண்டைக்கு உங்கட உம்மாவ வூட்டுல வெச்சிட்டு வாங்க. சனம் கதைக்கும். எங்கட வூட்டு ஆக்கள் ஒரு மாதிரி" என்றா. உங்கள் பேர் எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, ராத்தா. உம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தா. வெளியே வந்து, "ஓம் மகள், எனக்கும் இந்த முழங்காலோட ஏலாதுதான்" என்றா.

ஜுனைதா போன பிறகு என்னிடம் வாக்கு வாங்கிவிட்டா. என் வாயால் உங்கள் பேர் வராது. இனி நீங்கள் பயப்படத் தேவையில்லை. உங்கள் மகளை உங்கள் விருப்பப்படி கட்டிக் கொடுங்கள். முன் வரிசையில் ஒரு கதிரை குறைத்துப் போட்டால் சரி.

உம்மா ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும் முன், "ஜுமானா சாப்பிட்டிருப்பாளா?" என்று கேட்கிறா. எனக்கு வருகிற கோபத்தில் பதில் சொல்வதில்லை.

ஃபஸ்னா


கார்க்
23.1.2025

ஃபஸ்னா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். குசினியில் பெரிய சமையல்காரி ஃபட்ஜுக்கு உருக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் போத்தலை எடுத்துத் தா என்றாள். என்னால் முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று காலை ஜுனைதாவுக்கு நானே எடுத்தேன். "போத்தல் எண்ட சாமான், பொய் சொன்னதும் நான். உம்மாக்கு ஒண்டும் தெரியா. எண்ட உம்மா முன் வரிசையில இல்லாட்டி எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்றேன். அவ, "ஹாஜியாரோட கதைச்சிட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டா. அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உன் மச்சான் தொழுகைப் பாயிலிருந்து இன்னும் எழும்பவில்லை. அப்ரா பக்கத்தில்தான் நின்றாள். கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனவள் வெளியே வரவில்லை.

றிஸானா டீச்சருக்கும் எடுத்தேன். வருகிற வியாழக்கிழமை மஜ்லிஸில் ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடதாசி உன் கைக்கு வரும் முன்பே என் குரலை அங்கே கேட்டிருப்பாய். பிறகும் ஏன் எழுதுகிறேன் என்றால், அவ்வளவு பேருக்கு முன்னால் உன்னை ஏச முடியாது.

நீ சரியான கல்நெஞ்சுக்காரி. கதிரையைப் பற்றி எழுதினாயே, அதை எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? நீ சொன்ன ஒவ்வொன்றும் சரி என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை. உன்னோடு எனக்கு இன்னும் கோபம் போகவில்லை, போகவும் நாளாகும். வாட்ஸ்அப்பில் தடுப்பை எடுத்துவிட்டேன். உடனே எடுக்காதே, எடுத்தால் வாய்க்கு வந்தபடி ஏசுவேன்.

உம்மாவோடு கதைக்க எனக்கு முகம் இல்லை. பாயை எடுத்து விரிக்கச் சொல். ஒரு பிள்ளையும் வராவிட்டால் நீயாவது போய் முன்னால் உட்கார்ந்து ஓது.

இன்று படுக்கப் போகும் முன்னும் கேட்பா. இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்.

உன் ராத்தா,
ஜுமானா