முக்கால் அடி இடைவெளி

பிப்ரவரி 14

சுரங்கத்தில் இரண்டாம் ஷிஃப்ட். கன்வேயரில் ரோலர் மாற்றிக்கொண்டிருந்தபோது கம்மாபுரத்திலிருந்து அக்கா திலகவதி போன். சுரங்கத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் வரத்து குறைந்துவிட்டதாம். ஊர் கூடி முறை வைத்துவிட்டார்கள். அறுவடை வரை அவள் வயலுக்கு இரண்டே முறைதான் தண்ணீர்.

நான் ஆறு முறைக்குக் கணக்குப் போட்டிருந்தேன்.

பிப்ரவரி 15

சோறு இறங்கவில்லை. சூரியகாந்திக்கு வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஓரடி விட வேண்டும். நான்தான் ஒன்றரை, முக்கால் என்று நெருக்கச் சொன்னேன். செடி இரட்டித்தால் விளைச்சலும் இரட்டிக்குமாம் — டிப்ளமோ மூளை! இப்போது அத்தனை வேரும் அந்தக் கொஞ்ச ஈரத்துக்கு அடித்துக்கொள்ளும்.

அக்காவின் மாமனார் ராமசாமி உளுந்துதான் போடச் சொன்னார். என் பேச்சை நம்பி இவள் அடம்பிடித்தாள். விளைச்சல் பொய்த்தால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவாராம். அப்புறம் அக்கா? மறுபடி அடுத்தவன் வயலில் களையெடுப்பு.

பிப்ரவரி 16

செடியை ஒன்றுவிட்டு ஒன்று பிடுங்க வேண்டும். எப்படிச் சொல்வது? போனை எடுத்தேன், வைத்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். முழங்கால் உயரச் செடி, பச்சைப்பசேலென்று.

"நீதானடா நெருக்கி நடச் சொன்ன. மாமா கேட்டா இன்னா சொல்றது?"

"தப்பு என்னுதுன்னு சொல்லு."

ராமசாமி வரப்பில் நின்றார். "படிச்ச புள்ள நட்டுது, படிச்ச புள்ளயே புடுங்குது. ஆட்டுக்கு நல்ல காலம்." சிரிக்கவில்லை.

இருட்டும்வரை பிடுங்கினோம். மூன்று வரிசை மிச்சம்.

மார்ச் 3

அக்கா போன். மொட்டுக்கு ஒரு தண்ணீர் விட்டாயிற்று. இலை மறுபடி தொங்குகிறதாம், இன்னொன்றையும் விட்டுவிடவா என்கிறாள். பூ விரியட்டும் என்று கத்திவிட்டேன். போனை வைத்த பிறகுதான் தோன்றியது — இதுவும் தப்பாயிருந்தால்?

மார்ச் 16

பூ. கடைசித் தண்ணீர். இனி என் கையில் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்று களத்தில் பூவை அடித்து மணி எடுத்தோம். பிடுங்காமல் விட்ட மூன்று வரிசையில் பூ உள்ளங்கை அகலம், நடுவெல்லாம் பதர். மற்றதில் மணி பிடித்திருக்கிறது. நான் போட்ட கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது, ஆனால் பொய்க்கவில்லை.

குத்தகை கேட்டு ஒருவர் களத்துக்கே வந்தார். ராமசாமி நிமிராமல் பூவைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "எங்கிட்ட எதுக்குக் கேக்கற? எம் மருமவ நிக்குது பாரு, அத்தக் கேளு."

அக்கா முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. "வுடறதா இல்லீங்க" என்றாள்.