தாசில்தார் கடித்த மூலை

ஆரியசாலை, திருவனந்தபுரம்
11 மார்ச் 1979

பிரியமுள்ள தம்பி யோசுவாவுக்கு,

அக்காள் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். நடுவில் ஆடு கத்தினால் எழுந்து போய்விடுகிறேன். மீதியை ஆண்டவர் அறிவார்.

நீ பஹ்ரைனிலிருந்து உன் அறைத்தோழன் மைதீனின் மச்சான் கையில் கொடுத்தனுப்பிய பேஸ்டல் பென்சில் பெட்டி வந்து சேர்ந்தது. புடவை வரப்போகிறது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். பெட்டியை அடுத்த வீட்டுச் சொர்ணம்மாள் முன்னால் திறந்தது என் புத்தி. "எந்தா டீச்சரே, இந்த வயசிலே ஒண்ணாங்கிளாஸ் சேரப் போறியளா?" என்று கேட்டாள்.

போட்டோ எடுத்தால் கறுப்பு வெள்ளையில் நம் கிடா தாசில்தாரின் செம்பட்டை நிறம் போய்விடும், நீ பள்ளிக்கூடத்தில் தையலுக்குப் பூ வரைகிறவள்தானே, அவனைப் பார்த்து அப்படியே வரைந்து அனுப்பு என்று எழுதிவிட்டாய். பூ நம்மைத் திருப்பி முட்டாது தம்பி.

முதல் படத்தைப் பார்த்துச் சொர்ணம்மாள், "இது உங்க சர்ச்சுப் பழைய உபதேசியார் அல்லவோ?" என்றாள். தாடி செய்த வேலை. அதைக் கிழித்துப்போட்டுவிட்டுப் பழுப்புத் தாள் வாங்கி வந்தேன். இருட்டு நிறத்தை முதலில் பூசி, ரோமம் படிந்த பக்கமாகவே கோடிழுத்து, வெளிச்சம் விழுகிற ரோமங்களைக் கடைசியில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும் என்பது நாலு தாள் பாழான பிறகு விளங்கியது. துருவியில் சீவினால் பென்சில் பொடிந்துபோகிறது, பிளேடுதான் சரி. ஆட்டின் கண்மணி நம்முடையதுபோல உருண்டை இல்லை, படுக்கவைத்த கோடு. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கவனித்ததில்லை. அதில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். உடனே 'தழை எங்கே' என்று தாளுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான்.

வாய் மட்டும் கலங்கியிருக்கும். அசைபோடுவதை அவன் நிறுத்தினால்தானே.

இடது மூலை காணாமல் போனதற்கு நான் பொறுப்பில்லை. வர்ணம் சுண்ணாம்பு மாதிரி ருசிக்கிறதோ என்னவோ, கொம்பைப் பிடித்து இழுப்பதற்குள் ஒரு வாய் எடுத்துவிட்டான். அவனுக்குத் தாசில்தார் என்று பேர் வைத்தது நீ. காகிதத்தை வேறு என்ன செய்வான்?

உனக்குக் கலியாணம் ஆகவில்லை, எனக்குப் புருஷன் மிஞ்சவில்லை. நமக்கு வாய்த்தது இந்த ஒரு கிடா. பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

வர்ணப் பொடியில் தும்மிக்கொண்டிருக்கும்
உன் அக்காள்
சுசீலாபாய்


மனாமா, பஹ்ரைன்
2 ஜூன் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

இதுவரை மூன்று படம் வந்துவிட்டது. மூன்றிலும் மூலை இல்லை. இப்போதெல்லாம் கவரைப் பிரித்ததும் கடித்த இடத்தைத்தான் முதலில் தடவிப் பார்க்கிறேன். அப்புறம்தான் முகம்.

கட்டிலுக்கு மேலே மூன்றையும் ஒட்டியிருக்கிறேன். "எல்லாவனும் பொண்டாட்டி படம் ஒட்டியிருக்கான், நீ கிடாவை ஒட்டியிருக்கியே வே, பிரியாணிக்கு ஆசை வருது," என்கிறான் மைதீன். அவனும் ராத்திரி படுக்கும்முன் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறான்.

ஒரு விஷயம். கம்பெனி இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டச் சொல்கிறது. அக்டோபருக்குள் பதில் சொல்ல வேண்டும். சூடு பழகிவிட்டது, சோறும் பழகிவிட்டது, கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நம் வீட்டு வாசலில் சாயந்தரம் சைக்கிளை நிறுத்துகிறபோது தாசில்தார் ஓடிவந்து முட்டிக்குப் பின்னால் இடிப்பானே, அதை நினைத்தால் பேனா ஓடமாட்டேன் என்கிறது. இதைச் சொன்னால் இங்கே சிரிக்கிறார்கள்.

நீ ஆட்டின் கண்ணைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறாய். உன் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வரி எழுதினால் என்ன?

உன் தம்பி
யோசுவா


ஆரியசாலை
16 செப்டம்பர் 1979

பிரியமுள்ள தம்பிக்கு,

சுகம். முழங்கால் பரவாயில்லை.

ஓணம் வந்தது, போயிற்று. தெருவில் எல்லா வீட்டிலும் சத்யா விருந்து. சொர்ணம்மாள் வீட்டில் மூன்று பாயசம்; ஒன்று அடிப்பிடித்தது, அதைத்தான் எனக்குக் கொடுத்தாள். தாசில்தாருக்கும் ஆளாளுக்கு இலை நிறையச் சோறும் பாயசமும் வைத்தார்கள். அவனை எல்லோருக்கும் பிடிக்கும், உனக்குத் தெரியாததா.

படம் வைத்திருக்கிறேன். இந்த முறை வாய்கூடத் தெளிவாக வந்திருக்கிறது. நல்ல பிள்ளையாக அசையாமல் நின்றான். வழக்கம்போல மூலையையும் தின்றுவிட்டான் பயல்.

அந்தக் கையெழுத்தைப் போட்டுவிடாதே தம்பி. உன் சைக்கிள் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

சொர்ணம்மாள் உனக்கு என்னவோ எழுதச் சொன்னாள். மறந்துபோயிற்று.

அக்காள்


மனாமா
9 அக்டோபர் 1979

என் அக்காவுக்கு,

படம் வந்தது. நீ வரைந்ததிலேயே இதுதான் நல்ல படம். தாடி ஒவ்வொரு ரோமமாக நிற்கிறது. வாய் அச்சாக இருக்கிறது. அந்த வாயைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அசைபோடாத தாசில்தாரை நான் பார்த்ததே இல்லையே.

பிறகு மூலையைத் தடவிப் பார்த்தேன்.

அக்கா, ஆட்டுக்கு மேலே முன்பல் கிடையாது. கண்ணை அப்படிப் பார்த்து வரைந்த நீ, வாயைத் திறந்து பார்க்கவில்லை. பழைய மூன்று தாளும் ஈறில் நைந்து பிய்ந்திருக்கின்றன. இதில் மேலேயும் கீழேயும் பல் வரிசையாகப் பதிந்திருக்கிறது. மேல்வரிசை நடுவில் ஒரு சந்து. எனக்கு ஐந்து வயதில் கொய்யாப்பழத்துக்காக என் கையைக் கடித்தாயே, அந்தத் தழும்பின்மேல் வைத்துப் பார்த்தேன்.

"பொருந்துதா வே?" என்று கேட்டான் மைதீன்.

"கச்சிதமா இருக்கு," என்றேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் நான் மட்டும் வெளியே போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன்.

பாயசச் சோறுதானே? அவ்வளவு சோறு உள்ளே போனால் ஆட்டுக்கு வயிறு உப்பிவிடும். வைத்தவர்கள் பிரியமாகத்தான் வைத்தார்கள், சொர்ணம்மாளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அவனை எங்கே புதைத்தாய் என்று மட்டும் எழுது. அவன் போன பிறகு மனசிலிருந்தே இவ்வளவையும் வரைந்திருக்கிறாய். அந்தக் கண்ணில் இப்போதும் தழை கேட்கிறான்.

ஒப்பந்தக் காகிதத்தை நேற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கையெழுத்துப் போடாமல். ஆடு இல்லையென்று தெரிந்தால் நான் வரமாட்டேன் என்று பயந்து, ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து தாளைக் கடித்திருக்கிறாயே, உன்னை விட்டுவிட்டு இரண்டு வருஷம் இங்கே எனக்கு என்ன வேலை? துப்பினாயா, விழுங்கினாயா? வர்ணப் பொடி வயிற்றுக்கு ஆகாது.

டிசம்பரில், கிறிஸ்துமசுக்கு முன்னால் வந்துவிடுவேன். புடவை வாங்கியாயிற்று, தெருவில் சொல்லிக்கொள்ளலாம். சைக்கிளுக்கு மட்டும் காற்றடித்து வை.

வந்ததும் என்னை ஒரு படம் வரை. அசையாமல் உட்கார்ந்திருப்பேன். மூலையை மட்டும் விட்டுவை.

உன் தம்பி
யோசுவா