நீ காவல் நின்ற காடு

ஓம் என்ர அண்ணை, அம்மாவும்தான் வந்திருக்கிறா. பியர்பொன்ட்ஸ் வீட்டிலிருந்து பஸ், பிறகு மெட்ரோ. இப்போது நீ காவல் நின்ற மியூசியம் அறையில், நடுவில் ஆக்கள் இருக்கப் போட்ட வாங்கில் இருந்தபடி போனில் இதை எழுதுகிறேன்.

நீ செத்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்வி. சோறு போடும்போதும் அதுதான், உடுப்பு மடிக்கும்போதும் அதுதான். "என்ர பிள்ளை நாள் முழுக்க ஒரு அறைக்குள்ள தனியவோ நிண்டவன்?" நானோ படிப்பை விட்டுவிட்டு ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி தூக்குகிறவன். மியூசியம் என்றாலே எனக்குக் கொட்டாவி. சரி, போய்ப் பார்ப்போம் என்று கூட்டிக்கொண்டு வந்தேன்.

'பிளெமிஷ் ஓவியங்கள்' என்று எழுதியிருந்த வாசலில் அம்மா நின்றா. குனிந்து, பனிச் சப்பாத்து இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தா. எனக்கு மானம் போனது. இது கோயில் இல்லை என்றேன்.

"எனக்குத் தெரியும். நீ உன்ர அலுவலைப் பார்."

சொக்ஸோடு உள்ளே போனா. உன்னோடு வேலை செய்த அந்த ஹெயிட்டிக்காரி கதிரையை விட்டு எழும்பி வந்தா. துரத்தப்போகிறா என்று நினைத்தேன். அவவோ சப்பாத்தை எடுத்துத் தன் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, உன் முகம் அப்படியே அம்மாவில் இருக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னா. நான் தமிழில் சொல்ல, அம்மா தலையை மட்டும் ஆட்டினா.

பிறகுதான் அண்ணை அந்தப் பெரிய படத்தைப் பார்த்தேன். முதலில் மரம் மட்டும்தான் தெரிந்தது. பெரிய பெரிய ஓக் மரங்கள், பாதி வேர் வெளியே, அடியில் இருட்டு. வெறும் காடுதானே என்று திரும்பினேன். இருட்டுக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. கிட்டப் போனால் ஒரு மனுசி விறகு கட்டுகிறாள். பன்றி மேய்க்கிற ஒருத்தன் தடியால் கொப்பை அடித்துக் காய் உதிர்க்கிறான். சேற்றில் புதைந்த வண்டிலை இரண்டு பேர் தள்ளுகிறார்கள். ஒருத்தன் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி மூத்திரம் பெய்கிறான், சத்தியமாக. எல்லாரும் என் நகத்தளவு.

ஒருத்தரும் மேலே பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய காடு தலைக்கு மேல் நிற்கிறது, அவர்களுக்கோ அலுவல் கிடக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விறகுக் கட்டின் முடிச்சைக்கூட விடாமல் ஓவியன் ஒருத்தன் கீறியிருக்கிறானே, எவ்வளவு நேரம் அந்த மனுசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்? நீயும் அப்படித்தான் பார்த்தாயா?

அம்மா படத்திலிருந்த ஒவ்வொரு ஆளிடமும் போய் நின்றா. மூக்கு படத்தில் முட்டப்போக, ஹெயிட்டிக்காரி மெல்ல இருமினா. அம்மா ஓரடி பின்னுக்கு வந்து, வண்டில் தள்ளுகிறவர்களைப் பார்த்தபடியே சொன்னா:

"ஆக்கள் இருக்கினம். இவ்வளவு ஆக்களுக்குள்ள நிண்டிருக்கிறான்."

இனி அந்தக் கேள்வி வராது என்று எனக்குத் தோன்றுகிறது. வந்தால், எந்தப் பனியிலும் இங்கே கூட்டிக்கொண்டு வருவேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

அம்மா கையைக் காட்டிக் கூப்பிடுகிறா. படத்தின் மூலையில் இன்னும் ஒருத்தர் இருக்கிறாராம், நான் காணவில்லையாம். போகவேணும் அண்ணை.

உன் தம்பி