இடது கைப்பிடியில் ஒரு மேடு

ஏங்க, நாற்காலி மேல் வைத்திருக்கும் இந்தச் சீட்டைப் படியுங்கள். ஒரு கதை எழுதி வைத்துவிட்டுத்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

கல்யாணமான புதிதில், நாற்காலிக் கைப்பிடியை இழைத்து முடித்ததும் என்னைக் கூப்பிடுவீர்கள். "கண்ண மூடிக்கிட்டுத் தடவு. கை எங்க தட்டுதோ அங்க நிறுத்து" என்பீர்கள். நான் வழவழப்பான இடத்திலும் வேண்டுமென்றே நிறுத்துவேன். "அடி கள்ளி, இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே நிக்கணும், அதானே?" என்று சிரிப்பீர்கள்.

நேற்றும், டீச்சரம்மா செய்யச் சொன்ன நாற்காலியைத் தடவ ஆசையாகக் கையை நீட்டினேன். "உன் கை காய்ச்சுப் போச்சு. அதுக்கு இனிமே என்ன தெரியும்? மெஷின் தேய்ச்சதே போதும்" என்று சொல்லிவிட்டீர்கள். எனக்குச் சோறே இறங்கவில்லை.

காலையில் கைப்பிடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். கன்னம் இன்னும் காய்க்கவில்லை. இடது பக்கம் வளைந்து இறங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கிறது, பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். மெஷின் வேண்டாம், உப்புத்தாளால் கையாலேயே தேயுங்கள். சாயங்காலம் டீச்சரம்மா நாற்காலியை எடுக்க வந்துவிடுவார்.

சாப்பாடு அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன்.

மறந்துவிட்டேன்: நான் வருவதற்குள் டீச்சரம்மா வந்தால் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருங்கள். நான் தொட்டுப் பார்க்காமல் நாற்காலி வாசல் தாண்டக் கூடாது.

நம் வீட்டில் எந்தச் சண்டையும் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காமல் இருக்கட்டும்.